கேட்டால்தான் கடையில் வைப்பார்கள்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பங்குனித் திருவிழா. அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் நின்றுகொண்டிருந்தேன். கால் வைக்க இடமில்லை. நாயன்மார்களின் பல்லக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒருவர் கற்பூரம் ஏற்ற, புகை மூக்கில் ஏறி அடுத்தடுத்து மூன்று தும்மல். மூன்றாவது தும்மலில் புடவை நனைந்துவிட்டது.

கையில் இருந்த துணிப்பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன். சுவாமி முன்னால் அந்தக் கோலத்தில் நின்றுவிட்டோமே என்று அன்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது. மறு வருஷம் போகவே இல்லை. "கூட்டம் ஒத்துக்கல" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பிறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் பார்த்த திருவிழா அது.

எனக்கு 47 வயது. இரண்டாவது பையன் பிறந்தபோது எடை 3.8 கிலோ. சுகப்பிரசவம்தான். அப்போதிலிருந்தே இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் கொஞ்சம் சொட்டும். 15 வருஷம் அதோடேயே ஓட்டினேன். தி.நகர் போவதென்றால் கிளம்புமுன் இரண்டு தடவை பாத்ரூம் போவேன். பாண்டி பஜாரில் எந்தக் கடையில் எந்த மாடியில் டாய்லெட் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். கறுப்பு, கரும்பச்சை, கருநீலம் என்று ஈரம் தெரியாத நிறங்களாகவே பார்த்துப் புடவை எடுப்பேன். ஒரு டாக்டரிடம் சொல்லியும் பார்த்தேன். "வயசாகுதுல்ல, ரெண்டு பிரசவம் ஆயிருக்கு, இதெல்லாம் சகஜம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

சகஜம்தான். ஆனால் சரிசெய்யக்கூடியது. இதை எனக்குச் சொல்ல 15 வருஷம் யாரும் இல்லை. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

*

குடும்பத்தில் முதலில் வாயைத் திறந்தது என் பெரியம்மாவிடம். தி.நகரில் இருக்கிறார், வயது 71. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தோம். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். எனக்கு இப்படி ஆகிறது பெரியம்மா என்றேன். அவர் கள்ளனை உருவிப்போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எனக்கு அடி இறங்கி பன்னண்டு வருஷம் ஆச்சு கண்ணு. நடந்தா வெளியே வரும். ராத்திரி படுத்தா உள்ளே போயிடும். சில நாள் கையாலதான் தள்ளிவிடணும்."

கர்ப்பப்பை இறக்கம். இந்த 12 வருஷமும் மாதம் ஒரு தடவையாவது அவரைப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் தரையில் உட்காராமல் நாற்காலி கேட்பார். முட்டி வலி என்பார். நாங்களும் அப்படியே நம்பினோம். ஒரே குடும்பத்தில் இரண்டு பெண்கள், ஒருத்திக்கு 15 வருஷம், இன்னொருத்திக்கு 12 வருஷம். இரண்டும் ஒரே தசையில் வரும் கோளாறு என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை ஒரு தூளியைக் கட்டினதுபோல் தசைகள் இருக்கின்றன. இடுப்புத்தளத் தசை என்று எழுதுகிறார்கள், கிளினிக்கில் பெல்விக் ஃப்ளோர் என்கிறார்கள். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் இந்தத் தூளிதான் தாங்குகிறது. பிரசவத்தில் இது இழுபடும், சிலருக்குக் கிழியும். மாதவிடாய் நின்றபிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து இன்னும் தளரும். தீராத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல், பாரம் தூக்கும் வேலை எல்லாம் மேலிருந்து அழுத்தும். தளர்ந்தால் ஒருத்திக்குச் சொட்டும், இன்னொருத்திக்கு இறங்கும். சிலருக்கு இதே தசை தளராமல் இறுகிப்போகும். அவர்களுக்குத் தாம்பத்யமே வலியாக இருக்கும். ஆண்களுக்கும் இந்தத் தூளி உண்டு. புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூத்திரம் அடங்காமல் தவிப்பவர்களுக்கும் பயிற்சி இந்தத் தசைக்குத்தான்.

*

அடையாறில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். முப்பது வயதுகூட இருக்காத பெண். சின்ன அறை, திரைச்சீலை, கட்டில். மேஜையில் பி.பி. பார்க்கும் கருவியில் இருப்பதுபோல ஒரு டயல், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாயின் முனையில் கட்டைவிரல் தடிமனில் மிருதுவான ஒரு காற்றுப்பை. பெரினியோமீட்டர் என்று பெயர். உள்ளே வைத்துக்கொண்டு தசையை இறுக்கினால் எவ்வளவு அழுத்தம் என்று டயல் காட்டும்.

அந்தப் பெண் ஒரு சின்ன பாக்கெட்டைக் கிழித்துக் காற்றுப்பையின் மேல் உறையை மாட்டினாள். "ஆணுறைதான் மேடம். ஒவ்வொருத்தருக்கும் புதுசு போடணும், சுத்தத்துக்கு" என்றாள். உறையின் மேல் ஜெல் தடவினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 20 வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பெயரை வெளியாள் ஒருவர் என்னிடம் சாதாரணமாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இப்ப ஒண்ணுக்குப் போறதைப் பாதியில நிறுத்துற மாதிரி உள்ளே மேலே இழுங்க. மூச்சை அடக்காதீங்க" என்றாள். இழுத்தேன். ஊசி விறுவிறுவென்று ஏறியது. எனக்கு ஒரே சந்தோஷம். அவள் தலையாட்டினாள். "ஊசி ஏறுது மேடம், ஆனா நீங்க கீழே தள்ளுறீங்க. கருவி வெளியே நகருது பாருங்க. உள்ளே இழுக்கணும்." யூடியூப் பார்த்து நான் இத்தனை நாள் செய்த பயிற்சி அப்படியே தலைகீழ். சரியாக இழுக்கச் சொல்லிக்கொடுத்த பிறகு ஊசி 12-ஐத் தாண்டவில்லை.

நான் மட்டும் இல்லை. 1991-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பம்ப் என்ற மருத்துவரும் குழுவினரும் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் விளக்கிவிட்டுச் செய்யச் சொல்லி அளந்தார்கள். சரியாகச் செய்தது ஏறக்குறைய பாதிப்பேர். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவை அதிகமாக்கக்கூடியது.

கீகல் பயிற்சி என்று இன்று எல்லாப் பத்திரிகையிலும் எழுதுகிறார்களே, அதைச் சொன்ன ஆர்னால்ட் கீகல் லாஸ் ஏஞ்சலீஸில் பெண்நோய் மருத்துவர். 1948-ல் கட்டுரை வெளியிட்டபோது அவர் பயிற்சியை மட்டும் சொல்லவில்லை. இந்தப் பெரினியோமீட்டரையும் சேர்த்தே சொன்னார். சரியான தசைதான் வேலை செய்கிறதா என்று அந்தப் பெண்ணே தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். காலப்போக்கில் கருவி நழுவிப்போய், பயிற்சியின் பெயர் மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்தது. செலவில்லாத பாதியை வைத்துக்கொண்டு முக்கியமான பாதியை விட்டுவிட்டோம்.

எனக்குச் சொன்ன கணக்கு: ஒரு தடவைக்குக் குறைந்தது 8 இழுப்பு, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஒன்று, பஸ்ஸில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. 14-ஆவது வாரம் ஊசி 31-இல் நின்றது. நானே அதைப் பார்த்தேன். அந்த எண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் மூன்றாவது வாரமே விட்டிருப்பேன்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். இறுக்கும் பயிற்சி எல்லோருக்கும் ஆகாது. தசை ஏற்கெனவே இறுகி வலிப்பவர்கள் இதைச் செய்தால் வலி கூடும். அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது தளர்த்துவதை. அதனால்தான் யாராவது ஒருவர் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

*

பெரியம்மாவை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஆபரேஷன் என்றாலே பயம் அவருக்கு, சர்க்கரையும் இருக்கிறது. "ரிங் போட்டுப் பார்க்கலாமா பாட்டி?" என்றார் டாக்டர். சிலிகானில் செய்த வளையம், பெயர் பெசரி. வெந்நீரில் கழுவி, ஜெல் தடவி, எட்டுப்போல மடக்கி உள்ளே வைத்தார். விரலை எடுத்ததும் அது விரிந்து கர்ப்பப்பையைத் தாங்கிக்கொண்டது. முதல் அளவு நழுவியது. அடுத்தது 65 மில்லிமீட்டர். "நடங்க பாட்டி, இருமுங்க, குந்தி உட்காருங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க" என்றார். எல்லாம் செய்துவிட்டு வந்து பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவுதானா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

இவ்வளவுதான். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிச் சோதிக்க வேண்டும். ரத்தமோ துர்நாற்றமோ வந்தால் உடனே போக வேண்டும். கிரேக்க வைத்தியர்கள் மாதுளம்பழத்தைப் பாதியாக வெட்டி இதே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய யோசனை.

சென்னைக்கும் இது புதிதாக இருக்க நியாயமில்லை. ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மறுத்த பெண்களுக்காகவே 1885-ல் தொடங்கப்பட்டது கோஷா ஆஸ்பத்திரி, திருவல்லிக்கேணியில் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அதற்குப் பாடுபட்ட மேரி ஷார்லீப் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வெட்கப்படாதே என்று உபதேசம் செய்துகொண்டிருக்காமல், பெண்ணின் வெட்கத்துக்கு ஏற்ப ஒரு கட்டடத்தையே கட்டிக்கொடுத்தார்கள்.

ஆனால் வளையத்தை வாங்கப் போனால் கதை வேறு. டாக்டரிடம் இருந்தது அளவு பார்க்கும் வளையம். நமக்கானதை வெளியில் வாங்கி வரச் சொன்னார். மூன்று சர்ஜிக்கல்ஸ் கடை ஏறி இறங்கினேன். முதல் கடைப் பையனுக்குப் பெயரே தெரியவில்லை. இரண்டாவது கடையில், வரிசையில் நாலு பேர் நிற்க, "யாருக்குங்க? எதுக்கு?" என்று உரக்கக் கேட்டார்கள். மூன்றாவது கடைக்காரர், பெரியவர், தணிந்த குரலில், "யாரும் கேக்கறதில்லைம்மா, அதனால வைக்கறதில்லை" என்றார். வரவழைத்துத் தர ஒன்பது நாள் ஆனது. அதே கடையில் பெரியவர்களுக்கான டயப்பர் சுவர் முழுக்க அடுக்கியிருந்தது.

*

சிகிச்சை முடியும் நாட்களில் அந்த பிசியோ பெண்ணும் நானும் நிறையப் பேசினோம். அவள் அலமாரியில் ஒரு பெட்டி. அதில் சுண்டுவிரல் தடிமனிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் ஐந்து உருளைகள். டயலேட்டர் என்று பெயர். கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியும் சேரவே முடியாத தம்பதிகள் வருவார்களாம். பெண்ணுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. தொட்டாலே தசை தன்னிச்சையாக இறுகிக்கொள்கிறது. வஜைனிஸ்மஸ் என்கிறார்கள். அவளிடம் வருபவர்களில் பலரும் குழந்தை இல்லை என்று கருத்தரிப்பு மையங்களுக்குப் போய்விட்டு வந்தவர்களாம். "பொண்ணுகிட்ட யாருமே 'உனக்கு வலிக்குதா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க மேடம்" என்றாள். பெண்ணே தன் கையால், தன் வீட்டில், தன் வேகத்தில் ஒவ்வொரு அளவாகப் பழகுவதுதான் வைத்தியம். அவசரம் கூடாது. அடுத்தவர் கை கூடாது.

கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த பெண்களுக்கும் இதே உருளைகள்தான். கதிர்வீச்சு கட்டியைக் கரைக்கும்போது சுற்றியிருக்கும் சுவரையும் உலர்த்தித் தழும்பாக்கும், பாதை ஒட்டிச் சுருங்கும். தாம்பத்யத்துக்கு மட்டும் பிரச்சினை இல்லை. புற்று திரும்ப வந்திருக்கிறதா என்று டாக்டர் உள்ளே பார்ப்பதும் கஷ்டமாகும். வாரம் இரண்டு மூன்று தடவை, ஐந்து பத்து நிமிடம் டயலேட்டர் வைத்தால் பாதை திறந்திருக்கும். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதிலிருந்து எத்தனை ஆயிரம் பெண்கள் கருப்பை வாய்ப் புற்றோடு அந்த வாசல்படி ஏறியிருப்பார்கள்! 1980-களில் சென்னைப் பெண்களுக்கு அதிகமாக வந்த புற்று அதுதான், மார்பகப் புற்று பிறகுதான் முந்தியது. உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு, மிச்ச வாழ்க்கையை வாழ இந்த ஐந்து உருளைகளும் வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். பிறவியிலேயே யோனிப்பாதை இல்லாத பெண்களுக்கு அறுவை சிகிச்சையில் பாதை அமைத்தபின் அது மூடிக்கொள்ளாமல் ஒரு அச்சு வைக்க வேண்டும். ஸ்பாஞ்சைச் சுருட்டி ஆணுறைக்குள் அடைத்து அந்த அச்சை ஆபரேஷன் தியேட்டரிலேயே செய்துகொள்ளும் டாக்டர்கள் இருக்கிறார்கள். கருவி இல்லாத இடத்தில் எல்லாம் அந்த ஒரே ரப்பர் உறைதான் கைகொடுக்கிறது.

*

அந்த உறையின் கதைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. அது பாதி நம்ம ஊர்க் கதை.

மயிலாப்பூர்க்காரர்கள் தினமும் போய்வரும் டி.டி.கே. சாலை, பழைய மவுப்ரேஸ் ரோடு. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயர். அவர் தொடங்கிய குழுமத்தின் பொருள்கள் நம் வீட்டில் எல்லாம் இருக்கும். அடுக்களையில் பிரஸ்டீஜ் குக்கர், தொட்டில் பக்கத்தில் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர். அதே குழுமம்தான் 1960-களில் லண்டன் ரப்பர் கம்பெனியோடு சேர்ந்து பல்லாவரத்தில் ஆணுறை செய்யத் தொடங்கியது. 2012-ல் ஸ்கோர் என்று சொந்தப் பெயரிலும் கொண்டுவந்தது. சட்டத்தின் கண்ணில் ஆணுறை ஒரு மருத்துவக் கருவி. யோசித்துப் பாருங்கள், அந்தக் காலத்து மெட்ராஸில் யாரும் வாய்விட்டுக் கேட்க முடியாத பொருள்!

அது மெல்ல மெல்லக் கேட்கக்கூடிய பொருளானது. 1928-லேயே மெட்ராஸில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. 1930 வாக்கில் 'குடி அரசு'வில் பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். 1968-ல் அரசு நிரோத் ஆணுறையைக் கொண்டுவந்தபோது மூன்று 15 பைசா. டீத்தூளும் சோப்பும் விற்கும் கம்பெனிகளின் வண்டியிலேயே ஏற்றிப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனார்கள். 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தபின் பேசாமல் இருக்க முடியாத நிலை வந்தது. விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா'வில் பொறுமையாகப் பதில் சொல்ல, நாங்கள் வால்யூமைக் குறைத்து வைத்துக் கேட்டோம். 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊர் முழுக்க விளம்பர போர்டு. பஸ்ஸில் குழந்தைகள்கூடக் கேட்டார்கள். வார்த்தையும் பொருளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன.

இடுப்புத்தளக் கருவிகளுக்கு அந்தப் பயணம் இன்னும் தொடங்கவில்லை. வெளிநாடுகளில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. போனில் கோடு காட்டும் பயிற்சிக் கருவிகள், தானாக விரிந்துகொடுக்கும் டயலேட்டர்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆன்லைனில் வரவழைத்தால் விலை நம் கைக்கு எட்டாது, எது அசல் எது போலி என்றும் புரியாது, தேடினால் பக்கத்திலேயே ஆபாசப் பொருள்கள் வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பெண்கள் போனையே மூடிவிடுவார்கள்.

இங்கே செய்ய முடியாதா? ஐ.ஐ.டி. மெட்ராஸில் டி.டி.கே. பெயரிலேயே மறுவாழ்வுக் கருவிகளுக்கான ஆய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் அங்கே செய்த நியோஃப்ளை சக்கர நாற்காலி, உட்காருபவரின் உடல் அளவுக்கு ஏற்றபடி அமைத்துத் தரப்படுகிறது. எழுந்து நிற்க உதவும் நாற்காலியும் செய்திருக்கிறார்கள். ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்றே பூங்கா அறிவித்திருக்கிறார்கள். ரப்பரும் சிலிகானும் வார்க்கத் தெரிந்த கைகள் பல்லாவரத்திலிருந்து அம்பத்தூர் வரை இருக்கின்றன. ஒரு வளையம், ஐந்து உருளை, டயல் வைத்த ஒரு காற்றுப்பை. ராக்கெட் இல்லை. நம் பெண்களை அளந்து, தமிழில் விளக்கச் சீட்டு வைத்து, நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகும் விலையில் செய்ய ஒரு கம்பெனி வர வேண்டும். வரும் என்று மனசார நம்புகிறேன்.

அதுவரை நம் பங்கு ஒன்று இருக்கிறது. டாக்டரிடம் போனால் "கீழே கொஞ்சம் பிரச்சினை" என்று முழுங்காமல், இருமினால் சொட்டுகிறது, அடி இறங்குகிறது, சேரும்போது வலிக்கிறது என்று சொல்லுங்கள். சகஜம் என்றால், சகஜம் சரி, இதற்கு பிசியோ இருக்கிறதா, ரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மாவிடமும் மாமியாரிடமும் நீங்களே பேச்செடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வருஷம் அறுபத்துமூவருக்குப் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வடக்கு மாட வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அவர் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தார். திரும்பி வரும் வழியில், வளையம் வரவழைத்துக் கொடுத்த அந்தப் பெரியவர் கடைக்குள் நுழைந்தேன். வாங்க ஒன்றும் இல்லை. இடையில் தெரிந்தவர்கள் இரண்டு பேரை அங்கே அனுப்பியிருந்தேன், அதற்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று. பெரியவர் இழுப்பறையைத் திறந்து காட்டினார். பஞ்சுக்கும் பேண்டேஜுக்கும் நடுவே இரண்டு அட்டைப்பெட்டிகள். மேலே பால்பாயிண்ட் பேனாவால் தமிழில் எழுதியிருந்தார்: ரிங் பெசரி 65, ரிங் பெசரி 70.

"கேக்கறாங்கம்மா இப்போ" என்றார்.